சாப்பிடுங்க ராசாத்தி

எங்க குடியிருப்புல ஒரு நாய்க்கு மரியாதை கத்துக்குடுக்கப் போயி, மூணு மாடி ஆம்பளைங்களும் சோத்துத் தட்டு முன்னால கையை அந்தரத்துல நிறுத்தி வெச்சுட்டு உக்காந்திருந்த காலம் ஒண்ணு உண்டு. நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க, அப்புறம் பேசிக்கலாம்.

கோயமுத்தூர்ல சிங்காநல்லூர் தாண்டி, பழைய மில்லு இருந்த எடத்துல கட்டின குடியிருப்பு எங்களோடது. நான் தங்கமணி, ரெண்டாவது மாடி. எங்க வீட்டுக்காரர் சென்னியப்பன் மோட்டார் பம்பு சாமான் விக்கற கடை வெச்சிருக்காரு, குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரும் அவருதான். அந்தப் பதவிக்கு வேற யாரும் ஆசைப்படாததால வருஷா வருஷம் ஒருமனதா ஜெயிச்சுருவாரு. எங்களுக்கு நேர் கீழ முதல் மாடியில அமுதவல்லி தனியா இருந்தா. பக்கவாதம் வந்தவங்க வீட்டுக்கே போயி கைகால் பயிற்சி குடுக்கற வேலை அவளுக்கு. புருஷன் வீட்டை விட்டு ஒத்தைப் பொட்டியோட கெளம்பி வந்தவ, ஏன் வந்தேன்னு கேட்ட அத்தனை பேர்கிட்டயும் வரணும்னு தோணுச்சு வந்தேன்னு மட்டும் சொல்லி அனுப்பினதால, குடியிருப்புல அவளுக்குத் திமிரு புடிச்சவன்னு பேரு. எனக்கு அந்தத் திமிரைப் பாக்கப் பாக்கப் புடிக்கும், ஆனா வெளிய சொன்னதில்லை.

ராசாத்தி வந்தது சித்திரை வெயில்ல. நாய்க் காப்பகம் ஒண்ணுல எடம் பத்தாம, தத்தெடுக்க நல்ல வீடா ஒண்ணு அமையற வரைக்கும் யாராச்சும் வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்கன்னு கேட்டாங்க, அமுதவல்லி சரின்னுட்டா. செம்பட்டை நெறம், ஒரு காது பாதி கிழிஞ்சு தொங்கும், கழுத்தைச் சுத்தி முடி மொளைக்காத ஒரு வளையம். யாரோ பூட்டிப் போட்டுட்டுப் போன பண்ணை வீட்டுல சங்கிலியோட கெடந்தவளாம், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எறிஞ்சாத்தான் சோறாம், அதனால சோத்தைக் கண்டா பாய்வா, மெல்லாம முழுங்குவா, கிட்ட வர்ற கையைக் கவ்வுவா. தத்தெடுத்துட்டுப் போனவங்க எல்லாம் மரியாதை தெரியாத நாய்னு திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. இன்னொருக்கா திரும்பி வந்தா ஆயுசுக்கும் கூண்டுதான்னு காப்பகத்துல சொல்லி அனுப்ப, அதைக் கேட்டுட்டு வந்த அன்னைக்கே அமுதவல்லி பாடத்தை ஆரம்பிச்சுட்டா.

ஏய்னு கூப்பிட்டா ராசாத்தி தரையோட தரையா ஒட்டிக்கிட்டு மூத்தரம் விட்டுருவா, வாங்க ராசாத்தின்னா காதைத் தூக்கிப் பாப்பா. எங்க பக்கத்துல பால்குடிக் கொழந்தையைக் கூட வாங்க போங்கன்னுதான் கொஞ்சுவோம், அந்த மரியாதையை அமுதவல்லி நாய்க்கும் குடுத்துட்டா. சாப்பாட்டுப் பாடம் ரொம்பச் சுளுவு. தட்டைத் தரையில வெப்பா, மேல கையை வெச்சு மூடிக்குவா, வாயே தொறக்க மாட்டா. நாய் முட்டும், சுரண்டும், கத்தும், சுத்திச் சுத்தி வரும், கடைசில இதென்னடா எழவுன்னு தட்டை விட்டுட்டு அவ மூஞ்சியை நிமிந்து பாக்கும். பாத்த நொடியே கையை எடுத்துட்டு, சாப்பிடுங்க ராசாத்திம்பா. சோறு போட்டவ மூஞ்சியை முதல்ல பாரு, அவ சொன்னதுக்கப்புறம் வாயை வை, இதுக்கு மேல அந்தப் பாடத்துல ஒண்ணுமில்லை. சீக்கிரமே நாய் கத்துக்கிச்சு, அது கத்துக்கிட்ட அன்னைக்குப் பொழுதோட எங்க வீட்டுல கூத்து ஆரம்பிச்சுருச்சு.

அன்னைக்கு அரிசியும் பருப்புஞ்சாதம், மேல நெய் ஊத்தி டிவிக்கு முன்னால கொண்டு போயி வெச்சேன். இவரு வழக்கம் போல கண்ணை டிவியில வெச்சுட்டுக் கையைத் தட்டுக்கு அனுப்பினாரு, கை தட்டுக்குக் கொஞ்சம் மேல நின்னுக்கிச்சு. வலி இல்லை, நடுக்கம் இல்லை, அந்தக் கையால மீசையைத் தடவ முடியுது, ரிமோட்டை அமுத்த முடியுது, சோத்துக்கு மட்டும் எறங்க மாட்டேங்குது. எடது கையை அனுப்பிப் பாத்தாரு, கரண்டியை அனுப்பிப் பாத்தாரு, எல்லாம் அதே எடத்துல நின்னுக்கிச்சு. பக்கவாதம்னு பயந்துட்டாரு மனுஷன். ஏ புள்ள, கை வரமாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே என் மூஞ்சியை நிமிந்து பாத்தாரு, நானும் பதறிப்போயி, வெறும் வயித்துல இருந்தா அப்படித்தான் ஆகும், மொதல்ல சாப்பிடுங்கன்னேன். சொன்னதுதான் தாமசம், கை பொத்துன்னு சோத்துல விழுந்துச்சு.

ஒவ்வொரு வீட்டுலயும் இதே கூத்து, ஒவ்வொரு வீட்டுலயும் இது நம்ம வீட்டுக்கு மட்டும் வந்த சீக்குன்னு கமுக்கமா வெச்சிருந்தாங்க. சமைச்சவங்களுக்கு ஒண்ணுமில்லை, சமைக்காத கைக்குத்தான் இந்தக் கதி, அது ஆம்பளைக் கையா இருந்தாலும் சரி, மாமியார் கையா இருந்தாலும் சரி. எதிர் வீட்டு வேலாத்தா மருமக வந்ததுல இருந்து அவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசினவங்க இல்லை, அவங்க ஒரு முழுப் பொழுது வீம்பா இருந்து பாத்துட்டு, இட்லி காய்ஞ்சு கல்லாகறதைப் பாத்துட்டு, கடைசில மருமகளை நிமிந்து பாத்தாங்க. கேட்டைத் தாண்டிட்டா கை நல்லா இருந்துச்சு, அதனால வீம்பு புடிச்ச ஆம்பளைங்க எல்லாம் எதிர்த்தாப்பல இருக்கற பேக்கரியில பன்னும் டீயுமா நின்னாங்க. பன்னைத் தின்னு எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும், வயிறுன்னு ஒண்ணு இருக்குதில்ல.

விஷயம் வெளிய வந்தது சங்கக் கூட்டத்துல. தண்ணித் தொட்டி கழுவறதைப் பத்திப் பேசக் கூடியிருந்தாங்க, நடுவுல தட்டு நெறைய வாழைக்காய் பஜ்ஜி வந்துச்சு. அத்தனை கையும் ஒரே நேரத்துல நீண்டுச்சு, அத்தனை கையும் ஒரே ஒசரத்துல நின்னுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க பாருங்க, அந்த மூஞ்சிகளைப் பாக்க எனக்குக் குடுத்து வெச்சிருந்துச்சு. பஜ்ஜியை யாரு சுட்டதுன்னு விசாரிச்சா, காவலுக்கு இருக்கறவரோட சம்சாரம் மாரக்கா. அந்தம்மாவைக் கூட்டியாந்து நிறுத்தினாங்க, மாவு ஒட்டின கையோட வந்து நின்ன அந்தம்மாவை மொத்தச் சங்கமும் நிமிந்து பாத்துச்சு, அந்தம்மா வெக்கப்பட்டுக்கிட்டே எல்லாரும் சாப்பிடுங்கன்னுச்சு. பல வருஷமா எங்களுக்குப் பஜ்ஜி சுட்டுப் போட்டவங்க, அவங்க ஒரு கண்ணு கொஞ்சம் பூ விழுந்த கண்ணுன்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

கைக்கு வைத்தியம் கேக்க, சங்கத்து சார்பா எங்க வீட்டுக்காரரு அமுதவல்லி வீட்டுக்குப் போனாரு. போன நேரம் அவ நாய்க்குச் சோறு வெச்சுட்டு இருந்தா. நாய் அவ மூஞ்சியைப் பாத்துச்சு, அவ சாப்பிடுங்க ராசாத்தின்னா, நாய் தின்னுச்சு. இவரு கையைக் காட்டாமலே மாடியேறி வந்து, வேர்த்து விறுவிறுத்து, அந்த நாய் கத்துக்கற பாடமெல்லாம் நம்ம மேல ஏறுது புள்ளன்னாரு. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கிட்டு, கடவுள் யாரு வழியா கத்துக் குடுப்பாருன்னு நமக்கென்ன தெரியும்ன்னேன்.

அதுக்கப்புறம் குடியிருப்பு இந்த அதிசயத்தைக் கரண்ட் கட்டை ஏத்துக்கிட்ட மாதிரி மொனகிக்கிட்டே ஏத்துக்கிச்சு. காலையில அவசரமா ஆபீசு கெளம்பறவங்க அடுப்படி வாசல்ல வந்து மூஞ்சியைப் பாத்துட்டுப் போனாங்க, பாக்கப் பாக்க ஒவ்வொண்ணா கண்ணுல பட ஆரம்பிச்சுது. ஒருத்தரு பொண்டாட்டி கண்ணாடி போட்டு ஒரு வருஷமாச்சுன்னு கண்டுபுடிச்சாரு, இன்னொருத்தரு அழுத மூஞ்சியைப் பாத்துட்டு என்னன்னு கேக்காம சோறு எறங்காம தவிச்சாரு, எங்க வீட்டுக்காரரு உன் மூக்கு மேல எப்ப மச்சம் வந்துச்சுன்னு கேட்டாரு, பொறந்தப்ப வந்துச்சுங்கன்னேன். நானும் தப்பிக்கலை. அமுதவல்லி ஒரு நாள் குடுத்த காப்பி டம்ளருக்கு மேல என் கையும் நின்னுச்சு, அவ மூஞ்சியைப் பாத்தா தூக்கமே இல்லாத மூஞ்சி, அன்னைக்குத்தான் அவகிட்ட நீ எப்படி இருக்கேன்னு கேக்கணும்னு எனக்குத் தோணுச்சு.

அடுத்த பாடம் வாசற்படி. யாரு வந்தாலும் மேல தாவக் கூடாது, உள்ள வாங்கன்னா வரணும், இல்லாட்டிப் படிக்கு அந்தப் பக்கம் நிக்கணும். அதையும் ராசாத்தி கத்துக்கிச்சு, உடனே கடையடைச்சுட்டு வந்த ஆம்பளைங்க எல்லாம் செருப்பைக் கழட்டிட்டு அவங்கவங்க வீட்டு வாசல்லயே நின்னாங்க, கதவைத் தட்டாம உள்ள வர்ற கொழுந்தனாரு நின்னாரு, எடுபட்ட கொசுவுங்கூட ஜன்னல்ல வந்து வரிசையா நின்னு பாத்துட்டு, யாரும் வாங்கன்னு சொல்லாததால அடுத்த குடியிருப்புக்குப் போயிருச்சுங்க. பொம்பளைங்களுக்கு ஆசை பெருகிருச்சு. தின்ன தட்டைத் தூக்கிக் கழுவற எடத்துல போடக் கத்துக்குடு, ராத்திரி குடிச்சுட்டு வந்தா வெளியவே படுக்கக் கத்துக்குடுன்னு அமுதவல்லி வீட்டு முன்னால கூட்டம் நின்னுச்சு. அவ இடுப்புல கையை வெச்சுக்கிட்டு எங்க எல்லாரையும் ஒரு பார்வை பாத்தா. "நான் இவளைக் கூண்டுக்குப் போக விடாம இருக்கப் பாடம் நடத்தறேன். உங்க வீட்டு ஆளுங்களுக்குச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?"ன்னா. எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வந்தோம், எனக்கு மட்டும் அது நெஞ்சுல தைச்சுட்டே இருந்துச்சு.

ஆம்பளைங்க சும்மா இருப்பாங்களா. ஒரு கூட்டம் போட்டாங்க, நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்சாலும்னு ஒருத்தரு ஆரம்பிச்சாரு, ஆனா நாயை அடிச்சு வெரட்டினா சட்டம் பேசுமேன்னு இன்னொருத்தரு பயந்தாரு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் அந்த யோசனை வந்துச்சு. நல்ல வீடு கெடைச்சாக் குடுத்துருவேன்னு அவளே சொல்றா, நாமளே ஒரு வீடு புடிச்சுக் குடுத்துட்டாத் தீந்துதுன்னாரு. நெகமம் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கற நாச்சிமுத்து இவருக்குப் பங்காளி முறை, அவருக்குத் தோப்புக் காவலுக்கு நாய் வேணுமாம். காப்பகத்துக்கும் போன் போட்டாச்சு, தோப்புன்னதும் அவங்களுக்குச் சந்தோசம்.

அமுதவல்லி ஒத்துக்கிட்டா. நீயே வெச்சுக்கக் கூடாதான்னு கேட்டேன். "பகலெல்லாம் நான் வேலைக்குப் போயிருவேன் அக்கா, பூட்டின வீட்டுலதான் கெடக்கணும். அவ ஏற்கெனவே பூட்டின வீட்டுல கெடந்தவ. தோப்புன்னா ஓடுவா"ன்னு சொல்லிக்கிட்டே நாயோட கிழிஞ்ச காதை நீவிவிட்டா. ஒரு நிபந்தனை மட்டும் வெச்சா, கூட்டிட்டுப் போறவரு தன் கையால ஒரு வேளை சோறு போடணும், அதை ராசாத்தி தின்னணும், அப்பத்தான் அனுப்புவேன்னா.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து கார்ல வந்து எறங்கினாரு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில சங்கிலி. மாட்டுக்குப் போடற கனத்துல இருந்துச்சு அது. ராசாத்தி அதைப் பாத்ததும் அமுதவல்லி காலுக்குப் பின்னால போயி நின்னுக்கிச்சு. தோப்புல அவுத்து விட மாட்டீங்களான்னு அவ கேட்டா, அவுத்து விட்டாக் காவல் நாய் எப்படிம்மா ஆகும்னு அவரு சிரிச்சாரு. அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஆனா வாக்குக் குடுத்தாச்சு, சங்கமே சுத்தி நிக்குது, காப்பகத்துல கூண்டு காத்துக்கிட்டு இருக்குது, தட்டை அவரு கையில குடுத்துட்டா.

நாச்சிமுத்து தட்டைத் தரையில வெச்சுத் தள்ளினாரு. தின்னுன்னாரு. ராசாத்தி முன்னங்காலை ஒட்டி வெச்சு உக்காந்து அவரு மூஞ்சியை நிமிந்து பாத்துச்சு. தின்னு நாயேன்னாரு. எச்சில் ஒழுகுது, சோத்துல எலும்பு வாசம் வருது, ஆனா அது அசையலை, சொல்லுங்கன்ற மாதிரி அவரையே பாத்துச்சு. சாப்பிடுங்கன்னு சொல்லணுங்க, அவ்வளவுதான்னு அமுதவல்லி சொன்னா. நாய்க்கு ங்க போடறதான்னு அவருக்கு முறுக்கு ஏறிருச்சு. பசிச்சாத் தானா திங்கும், நான் மேல போயி சாப்பிட்டு வர்றதுக்குள்ள தின்னாச் சரி, இல்லாட்டி இப்படியே கட்டி இழுத்துட்டுப் போறேன், ரெண்டு நாள் பட்டினி போட்டா எல்லா நாயும் வழிக்கு வரும்னு சொல்லிட்டு எங்க வீட்டுக்கு மாடியேறினாரு. அவரு எங்களுக்கு ஒறம்பரை, சொந்தக்கார விருந்தாளி, அதனால விருந்து எங்க வீட்டுலதான். படியில வந்து நின்னவரை வாங்கன்னு கூப்பிட்டதும் நான்தான்.

எலை போட்டேன். நாட்டுக்கோழிக் கொழம்பு, வறுவல், ரசம், எல்லாம் விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு நான் பண்ணினது. அவரும் எங்க வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்தாங்க, நாச்சிமுத்து கையை நீட்டினாரு, கை நின்னுச்சு. இவரு அவரு காதுல, அது எங்க குடியிருப்புப் பழக்கம், அவ மூஞ்சியைக் கொஞ்சம் பாத்துருங்கன்னாரு. எத்தனையோ நோம்பிக்கும் சீருக்கும் என் கையால சாப்பிட்டவரு, முதல் தடவையா என் மூஞ்சியைப் பாத்தாரு.

சாப்பிடுங்கன்ற சொல்லு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இந்தச் சொல்லை நான் யாருக்குச் சொல்லலை, புடிச்சவங்களுக்குச் சொன்னேன், புடிக்காதவங்களுக்குச் சொன்னேன், என்னை அழ வெச்சுட்டு வந்து உக்காந்தவங்களுக்கும் சொன்னேன். எலையில உக்காந்த ஒறம்பரையைச் சாப்பிடச் சொல்லாத பொம்பளை எங்க பக்கத்துல பொறக்கலை. கையில இருந்த கரண்டியைக் கொழம்புச் சட்டிக்குள்ள போட்டேன்.

"ஏனுங்க, கீழ ஒருத்தி உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் நான் உங்களுக்குச் சொல்றேன்."

"நாய்க்கு மரியாதை குடுக்கச் சொல்றீங்களா?"

"ஆமாங்க."

எங்க வீட்டுக்காரரு பல்லைக் கடிச்சுக்கிட்டு, தங்கமணி, சாப்பிடச் சொல்லுன்னாரு. நான் வாயைத் தொறக்கலை. என் மானம் போகுது புள்ளன்னாரு. கொழம்புல எண்ணெய் மேல வந்து ஆடை கட்டுச்சு, சோத்துல ஆவி அடங்கிருச்சு, ரெண்டு ஆம்பளைக் கையும் எலைக்கு மேல அப்படியே நின்னுச்சு. பயமா இருந்துச்சு, பொய் சொல்லுவானேன், ஆனா அந்த பயத்துக்கு அடியில என்னமோ ஒரு சந்தோசமும் இருந்துச்சு.

நாச்சிமுத்து எந்திரிச்சுட்டாரு. எங்க பக்கத்துல பொண்ணு பாக்கப் போனாலும் சரி, காடு கெரயம் பேசப் போனாலும் சரி, பேச்சு ஒத்து வந்தாத்தான் அந்த வீட்டுல கை நனைப்பாங்க. கை நனைக்காம எந்திரிச்சுட்டா பேச்சு முறிஞ்சுதுன்னு அர்த்தம், அந்த வாசல்ல இருந்து துரும்பைக் கூட எடுத்துட்டுப் போகக் கூடாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிஞ்சுதான் செஞ்சேன். "இந்த எடத்துல நான் கை நனைக்கலை. இங்கிருந்து எனக்கு எதுவும் வேண்டாம்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு எறங்கினாரு. ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். ராசாத்தி இன்னும் அதே எடத்துல உக்காந்து அவரு மூஞ்சியைத்தான் பாத்துச்சு. அவரும் ஒரு நிமிசம் நின்னு அதைப் பாத்தாரு, வாய் லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் சங்கிலியைத் தூக்கிக் கார்ல போட்டுட்டுப் போயிட்டாரு.

அமுதவல்லி அவரு வெச்ச தட்டைக் கொட்டிட்டு வேற சோறு போட்டா. வேலைக்குப் போற வீடுகளுக்கெல்லாம் இனிமே நாயோடதான் வருவேன், இஷ்டமிருந்தாக் கூப்பிடுங்க, இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்குங்கன்னு அங்க நின்னுக்கிட்டே போன் மேல போன் போட்டா, கடைசியாக் காப்பகத்துக்குப் போட்டு, ராசாத்திக்கு வீடு கெடைச்சுருச்சு, என் வீடுதான், திரும்பி வரமாட்டான்னா. சாப்பிடுங்க ராசாத்தின்ற சத்தம் எங்க மாடி வரைக்கும் கேட்டுச்சு.

நான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன். எங்க வீட்டுக்காரரு கை இன்னும் எலைக்கு மேலதான் இருந்துச்சு, கண்ணுல கோவமும் பசியும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு இருந்துச்சு. இனிமே உறவுக்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்னு ஆரம்பிச்சாரு. ஒறம்பரை எந்திரிச்சுப் போன எலைக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்தேன். சமைச்ச கைக்கு யாரு அனுமதியும் தேவையில்லை, நேரா சோத்துல வெச்சுப் பெசைஞ்சேன். இந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்துல அவரு சாப்பிடறதுக்கு முன்னால நான் ஒரு பருக்கை வாயில வெச்சதில்லை. தொடையை எடுத்துக் கடிச்சேன், எலும்பை நிதானமா உறிஞ்சினேன், நல்லா இருந்துச்சுங்க, நான் வெச்ச கொழம்பு இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.

அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு, எலையை இல்லை, என் மூஞ்சியை. அப்புறம், கறியில உப்புச் சரியா இருக்குதான்னு கேட்டாரு. இத்தனை வருஷமா உப்புப் பத்தலைன்னு அவரு சொல்லிக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், உப்புச் சரியா இருக்குதான்னு யாரும் என்கிட்டக் கேட்டதில்லை.

"இன்னும் ரெண்டு துண்டு போடுங்க, பாத்துச் சொல்றேன்"னேன்.

தன் எலைக்கு எறங்காத கை, கரண்டிக்கு மட்டும் சுளுவாப் போச்சு.